குழாயடி இலை

என் தாயாருக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் நான் வேலை பார்த்த ரயில் கம்பெனியின் ரிஜிஸ்தரில் எனக்கு ஒன்பது தம்பிகள் இருந்தார்கள். ஒன்பது பேரும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், என் சம்பாத்தியத்தை நம்பியே இருப்பவர்கள், ஆகவே ஹௌராவிலிருந்து மதராஸுக்கு இலவச பாஸில் போய்வர உரிமை உள்ளவர்கள். இவர்களில் நான்கு பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஒருவருக்குப் பேத்தி இருந்தாள்.

நான் பாஸ் எழுதும் குமாஸ்தா. அந்த நாளில் கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்ப் பிராமணர்கள் பவானிப்பூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்தினார்கள். முப்பது பேர் சாப்பிடுவோம். எல்லாரும் கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பிழைக்கிறவர்கள். கோடை வந்தால் ஊர் நினைப்பு வரும். ஊர் நினைப்பு வந்தால் என் நினைப்பு வரும். மெல்ல என் அறைக்கு வந்து, மதராஸ் மாம்பழத்தைப் பற்றி ஆரம்பித்து, தலையைச் சொறிவார்கள். எனக்கு இருபத்தாறு வயது. ஊரில் ஒருத்தரும் சட்டை செய்யாத என்னை இத்தனை பெரிய மனிதர்கள் குழைந்து பேசுவது எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. எழுதிக் கொடுத்தேன். தப்பு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அதை இப்போது பூசி மெழுகப் போவதில்லை.

பேத்தி உள்ள தம்பிதான் எங்கள் மெஸ்ஸின் செக்ரட்டரி. கிதிர்ப்பூர் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. பாஸில் அவருக்கு நான் போட்ட வயது பதினைந்து. இருபது போட்டால் பாஸ் கிடையாது. பதினைந்தோடு நிறுத்தியது என் அடக்கம். அவர் ஹௌராவில் வண்டி ஏறி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாந்த்ராகாச்சியில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். பாஸைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை, "தாத்தா, தூத்தம்" என்று தண்ணீர் கேட்டது. பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தாத்தா என்ற சொல்லுக்கு இந்தத் தேசத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை போலிருக்கிறது.

கேஸ் நடந்தது. என் பதினைந்து வயதுத் தம்பி சர்க்கார் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி, பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தாம் படித்துப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். இருபது வருஷமாகக் கப்பல் கம்பெனியின் இங்கிலீஷ் கடிதங்களை எல்லாம் திருத்திக் கொடுப்பவர் அவர். மற்ற எட்டுத் தம்பிகளும் என்னை ஒரேயடியாகக் கைகழுவி விட்டார்கள். எனக்கு ஆறு மாதம் தண்டனை. "பாவம், நல்ல மனுஷரைக் கோர்ட் வாசப்படி ஏற வெச்சுட்டான்" என்று மெஸ்ஸில் எல்லாரும் செக்ரட்டரிக்காக வருத்தப்பட்டார்களாம்.

ஜெயில் அலிப்பூரில் இருந்தது. அங்கே நான் கற்ற முதல் பாடம் வரிசையில் உட்காருவது. மெஸ் பந்தியில் உட்காருவதற்கு ஆபீஸ் கிரேடு பார்ப்பார்கள். தலைமைக் குமாஸ்தாவுக்கு முதல் இலை, முதல் நெய். டைப்பிஸ்ட் வரும்போது நெய்க் கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம்தான் மிஞ்சும். ஜெயிலில் அந்தத் தொல்லை இல்லை. இரும்புத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாகக் குந்தினால், கொள்ளைக்காரனுக்கும் எனக்கும் ஒரே அளவு லப்ஸி, அதாவது அரிசிக் கஞ்சி. சாப்பிட்டதும் அவரவர் தட்டை அவரவர் எடுத்துக் கழுவ வேண்டும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது. ஆறு மாதத்தில் இந்த இரண்டு பழக்கமும் என் கையில் ஊறிவிட்டன.

எல்லாக் கைதிகளுக்கும் பிராமணக் கைதியே சமைப்பது அங்கே ஏற்பாடு. அந்தச் சமையற்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒரு பெரிய வீட்டில் வேலையாக இருந்தவர். எஜமானரின் மைத்துனன் கொதிக்கிற சாம்பாரில் எச்சில் கரண்டியைவிட்டு ருசி பார்த்தான் என்று வெண்கலக் கரண்டியால் அவன் காதில் ஒன்று போட்டுவிட்டார். மைத்துனனுக்குக் காது போயிற்று, இவருக்கு இரண்டு வருஷம் போயிற்று. "இன்னொரு தரம் பண்ணினாலும் அடிப்பேன்" என்பார். வருத்தப்படுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும். எச்சில் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் எதுவும் இறங்கவில்லை. ஜெயில் தோட்டத்தில் ஒரு புளியமரம் உண்டு. அவர் அதன் கொழுந்தைக் கசக்கி, எங்கிருந்தோ நாலு மிளகு தேடிப் பிடித்து, ஒரு ரசம் வைத்து இரும்புக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்.

"அம்பி, இதைக் குடிச்சுட்டுப் படு. நாளைக்கும் காய்ச்சல் இருந்தா என்னைக் கேளு" என்றார்.

மறுநாள் காய்ச்சல் இருந்தது. ஆனால் பசியும் இருந்தது. அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். விடுதலையாகும் நாளில் அவரிடம் சொன்னேன்:

"மாமா, வெளில வந்ததும் நேரா பவானிப்பூருக்கு வாங்கோ. எங்க மெஸ்ஸுக்கு நல்ல சமையல்காரர் இல்லை. என் பேரைச் சொல்லுங்கோ, மறுபேச்சு பேசமாட்டா."

"உன் பேருக்கு அங்க அவ்வளவு மதிப்பா?"

"வந்து பாருங்கோ" என்றேன்.

மதிப்பு என்னவென்று அன்று சாயங்காலமே தெரிந்தது. மெஸ்ஸில் கமிட்டி கூடியது. என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே மெஸ்ஸுக்கு வைதிகம் பார்க்கும் சாஸ்திரிகளிடம் ஆலோசனை நடந்தது. ஜெயிலுக்குப் போனவனைச் சுத்தி செய்வதற்கு என்ன பிராயச்சித்தம் என்று கேட்டார்கள். சாஸ்திரிகள் வெகுநேரம் யோசித்தார்.

"சமுத்திரம் தாண்டினதுக்கு உண்டு. ஜெயிலுக்குன்னு தனியா ஒண்ணும் காணோம்" என்றார்.

செக்ரட்டரிதான் வழி கண்டுபிடித்தார். பவானிப்பூருக்கும் அலிப்பூருக்கும் நடுவே ஆதிகங்கை என்று வங்காளிகள் சொல்லும் வாய்க்கால் ஓடுகிறது. "ஜலத்தைத் தாண்டினவர்தானே?" என்றார். சாஸ்திரிகளுக்கு அது சரியாகப் பட்டது. ஆகவே கப்பலையே கிட்டத்தில் பார்த்திராத எனக்குச் சீமை போய்வந்தவனுக்குச் செய்யும் பிராயச்சித்தம் செய்தார்கள். பஞ்சகவ்யம் கொடுத்தார்கள், பூணூலை மாற்றினார்கள். அதே வாய்க்காலைக் கிதிர்ப்பூர் பாலத்தில் தினம் இரண்டு தடவை டிராமில் தாண்டும் செக்ரட்டரியைப் பற்றி நான் கேட்டேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்கின் மேல் கோபம். "ஆபீஸ் காரியமாத் தாண்டினா தோஷமில்லை" என்றார் சாஸ்திரிகள்.

பிராயச்சித்தம் முடிந்தால் பந்தியில் இடம் என்று நினைத்தேன். "அவசரப்படாதேயும். ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார் செக்ரட்டரி. சர்க்கார் கொடுத்தது ஆறு மாதம்; என் தம்பி அதன்மேல் ஒரு வருஷம் கூட்டினார், அப்பீலும் கிடையாது. பின்கட்டு வராந்தாவில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இலை போட்டார்கள். பந்தி முடிந்த பிறகு பரிமாறினார்கள். முப்பது பேரும் கை கழுவ என்னைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒவ்வொருவர் வாய் கொப்பளிக்கும்போதும் என் இலைமேல் தெறிக்குமோ என்று கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். என் இலையை எடுக்க வேலைக்காரன் மாட்டேன் என்றுவிட்டான். நானே எடுத்து எறிந்தேன். ஜெயிலில் பழகினது கைகொடுத்தது.

பாஸ் வாங்கின தம்பிகள் கை கழுவும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் மட்டும் ஒருநாள் குனிந்து, "மனசுல வெச்சுக்காதேயும், நாலு பேர் என்ன பேசுவான்னுதான்" என்று சொல்லிவிட்டு, அந்த நாலு பேரில் ஒருவராகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வங்காளிகள் விஷயம் வேறு. அது சுதேசிக் காலம். ஜெயிலுக்குப் போய்வந்தவன் என்றால் தெருவே எழுந்து நிற்கும். எங்கள் தெருமுனை மிட்டாய்க்கடைக்காரர் நான் எங்கிருந்து வந்தேன் என்று எப்படியோ கேள்விப்பட்டு, இரண்டு சந்தேஷை இலையில் வைத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டு வக்கீல் என்னை அண்ணா என்ற மரியாதையில் 'தாதா' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரம் நான் மகானாக இருந்தேன். பிறகு வக்கீல் குரலைத் தாழ்த்தி, எந்தக் கேஸ், வெடிகுண்டா, ரகசியப் பத்திரிகையா என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. ரயில் பாஸ் கேஸ் என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்கே அவர்மேல் இரக்கமாக இருந்தது. மறுநாள் முதல் சந்தேஷுக்குக் காசு வாங்கினார்கள்.

வேலை கிடைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அரக்கு வியாபாரம் செய்த ஓர் ஆர்மீனியர் சேர்த்துக்கொண்டார். நான் ஜெயில் விவரத்தை நானாகவே சொன்னேன். அவர் டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் உட்கார் என்றார். அவருக்கு நாகரிகம் போதாது என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

வேலை கிடைத்தும் பந்தி ஆசை போகவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாய்க்கு வாய் கேலி செய்தேனே தவிர, தினமும் அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. கல்கத்தாவில் இருக்கும் பையனுக்குப் பெண் கொடுக்க நினைப்பவர்கள் ஊரிலிருந்து மெஸ் செக்ரட்டரிக்குத்தான் கடிதம் போட்டு விசாரிப்பார்கள். அவர் 'எங்களோடு பந்தியில் சாப்பிடுகிறவர்' என்று ஒரு வரி பதில் எழுதுவார். அந்த ஒரு வரி போதும், ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். பங்குனி மாதம் கும்பகோணத்திலிருந்து என்னைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. என் தாயாருக்கு நான் ஜெயிலுக்குப் போனதே தெரியாது. ரயில் லைனில் வெளியூர் மாற்றல் என்று எழுதியிருந்தேன். செக்ரட்டரி அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினார்.

"வருஷப் பிறப்போட உமக்கு ஒரு வருஷம் முடியறது. பந்தியில உக்காந்தாச்சுன்னா நானும் நாக்கூசாம எழுதலாம்" என்றார்.

அவருக்கு நாக்கூசும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் நான் சொன்னது, "ரொம்ப உபகாரம்" என்றுதான்.

உண்மையில் அவருக்கும் அவசரம் இருந்தது. மூன்று பேர் ரங்கூனுக்கு மாற்றலாகிப் போய்ப் பந்தியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரிந்தது. சமையற்காரனும் அந்த மாதத்தோடு ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். ஆள் சேர்ந்தால்தான் மெஸ் நடக்கும் என்ற நிலைமை வந்தபோது என் பாவம் கரைந்துவிட்டது.

சித்திரை வருஷப் பிறப்பு வந்தது. கூடத்தில் இலை போட்டார்கள். செக்ரட்டரி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தமக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். எதிர்வரிசைத் தம்பிகள் சிரித்த முகமாகத் தலையசைத்தார்கள். வேப்பம்பூப் பச்சடி விழுந்தது, பாயசம் விழுந்தது. முதல் நெய்யின் இரண்டாவது கரண்டி என் பருப்பில் விழுந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. இந்த மனிதர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இலையைச் சுற்றித் தெளிக்கும் பரிசேஷணத்துக்குக் கையில் தண்ணீர் எடுத்தேன். அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கக்கத்தில் ஒரு துணிமூட்டை. தலைமயிர் ஜெயிலில் வெட்டுகிற மாதிரி ஒட்ட வெட்டி, குடுமி விரற்கடை நீளம்தான் இருந்தது. எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தவர்.

"யாரு ஓய்?" என்றார் செக்ரட்டரி.

"சமையலுக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீர்?"

"அலிப்பூர்ல. பெரிய எடம். வேளைக்கு முன்னூறு பேர்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அத்தனை தலைகளும் அவருடைய குடுமியைப் பார்த்தன. பிறகு என் பக்கம் திரும்பின.

"யார் சொல்லி வந்தீர்?"

அவர் பந்தியை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. ஜெயிலில் ஒருவன் முகத்தைப் பார்த்தே அவனுக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறவர் அவர்.

"காளிகாட் கோயில் வாசல்ல யாரோ சொன்னா" என்றார்.

செக்ரட்டரி என் பக்கம் சாய்ந்தார். "நீர் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் இருந்தவராச்சே. இவரைத் தெரியுமா?"

ஒரு வருஷமாக நான் குழாயடியில் உட்கார்ந்து இவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கும். கையில் எடுத்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"தெரியாது" என்றேன்.

அவர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "அண்ணா சொல்றது சரி. நானும் இவரைப் பார்த்ததில்லை" என்றார். ஆறு மாதம் என்னை அம்பி என்று கூப்பிட்டவர்.

"இவர் தெரியாதுன்னா தெரியாதுதான். தெரிஞ்சவா யாரும் இல்லாம மடைப்பள்ளில ஆளை விடறதுக்கில்லை" என்று செக்ரட்டரி முடித்தார். நான் சொன்ன உண்மை எதையும் அந்த ஒரு வருஷத்தில் இவர்கள் நம்பினதில்லை. பந்தியில் உட்கார்ந்து நான் சொன்ன முதல் வார்த்தையை எல்லாரும் அப்படியே நம்பினார்கள்.

வருஷப் பிறப்பன்று பசியோடு வந்த பிராமணரை அனுப்பக்கூடாதாம். "சாப்பிட்டுட்டுப் போம்" என்று செக்ரட்டரி தாராளமாகச் சொன்னார். இலை போட இடம் தேட வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் நேற்றுவரை என் இலை விழுந்த இடம் காலியாக இருந்தது.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இதைப் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் ஜெயிலில் இருந்தது வெளிப்பட்டு, அவருக்கும் வேலை கிடைத்திருக்காது, எனக்கும் இடம் போயிருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். நியாயத்தில் பழுதில்லை. ஆனால் அன்று நான் உட்கார்ந்திருந்தது அந்த நியாயத்துக்காக இல்லை. கும்பகோணத்துக் கடிதத்துக்காகவும் பாயசத்துக்காகவும் உட்கார்ந்திருந்தேன். ரசம் வந்தது. வெந்நீரில் புளியைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

செக்ரட்டரி சொன்னபடியே ஒரு வரி எழுதினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. என் மனைவி நல்லவள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

அந்த வருஷப் பிறப்புப் பந்தி முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்து, குனிந்து, என் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு பருக்கை மிச்சமில்லை. இரண்டு அடி நடந்த பிறகுதான் கூடத்தில் எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. மற்ற இலைகள் எல்லாம் எச்சிலோடு தரையில் கிடந்தன.

"போட்டுட்டு வாரும். இனிமே உமக்கு ஆள் எடுப்பான்" என்றார் செக்ரட்டரி, அன்பாகத்தான்.

வராந்தா தெரிந்தது. அங்கே சமையற்காரரும் சாப்பிட்டு எழுந்து, துடைத்துவைத்த மாதிரி இருந்த தம் இலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே எறிவது என்று தெரியாமல் நின்றார். என் கையைப் பார்த்தார்.

குப்பைத்தொட்டி கிணற்றடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் போய்வந்த இடம். என் இலையைத் திரும்பக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே தரையில் வைத்தேன்.